ஆஃப்சைடு இல்லாத ஊர்

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அப்பா முதலில் பார்த்தது என் முழங்காலைத்தான்.

“நீ சும்மாதானே இருக்க. இந்தியாவுக்குப் போயி சொந்தக்காரங்களுக்குப் பத்திரிகை வெச்சிட்டு வந்துடு” என்றார். என் தாத்தா விழுப்புரம் பக்கம் காணையிலிருந்து கப்பலேறி, மலேசியாவின் கெடா மாநிலத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். அவருடைய தம்பி ஊரிலேயே தங்கிவிட்டார். அந்தத் தம்பியின் மகன், எனக்குச் சித்தப்பா முறை, இன்னும் காணையில் இருக்கிறார். கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் அது அழைத்ததாகாது. வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து வீட்டு ஆள் நேரில் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு கடல் கிடக்கிறது என்பதெல்லாம் ஒரு சாக்கு இல்லை. அப்பாவுக்கு இடுப்பு வலி, தம்பிக்கு வேலை. கெடாவில் எங்கள் சுங்கைப்பட்டாணி வீட்டில் சும்மா இருந்தது நான் ஒருத்திதான்.

‘சும்மா’ என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் தொழில் கால்பந்து. தற்காப்பு ஆட்டக்காரி. அதாவது கோல் போடுவது என் வேலை இல்லை, போட விடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அப்பா தமிழர், அம்மா ஹட்யாய்க்காரி, தாய்லாந்துப் பெண். மாநில அணியில் தொடங்கி, தாய்லாந்து, ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஊர், மாலத்தீவு என்று பல இடங்களில் ஆடிவிட்டேன். மலேசியாவில் என்னைச் சியாம்காரி என்பார்கள். தாய்லாந்தில் இந்தியப் பெண். ஆஸ்திரேலியாவில் வெறும் ‘மலேசியா’. எந்த ஊரில் நின்று சொந்த ஊர் எது என்று கேட்டாலும், நான் வேறொரு ஊரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

பிறகு முழங்காலில் தசைநார் அறுந்தது. அறுவை முடிந்து, மருத்துவர் ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டார். ஆடினேன். ஆனால் ஒன்றை மட்டும் செய்யவில்லை. எதிராளி பந்தோடு தப்பி ஓடும்போது, உடம்பைத் தரையில் போட்டு, காலை நீட்டிச் சறுக்கிப் போய்ப் பந்தைத் தட்டிவிட வேண்டும். நான் பேர் வாங்கியதே அதில்தான். அறுவைக்குப் பிறகு ஒருமுறைகூடத் தரையில் விழவில்லை. பயம். வேறு பெயர் வைத்து அதை அழகாக்கத் தெரியவில்லை.

அதற்குப் பதிலாக ஆஃப்சைடுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எதிரணி ஆள் நம் தற்காப்பு வரிசையைத் தாண்டி முன்னே நிற்கும்போது அவருக்குப் பந்து அடித்தால் அது தப்பாட்டம். ஆகவே அந்த நொடியில் நான் ஓரடி முன்னே வந்து கையைத் தூக்கினால் போதும். நடுவர் விசில் ஊதுவார், நான் ஓடவும் வேண்டாம், விழவும் வேண்டாம். அந்த ஒற்றைக் கையை வைத்து அரை சீசனை ஓட்டினேன். க்ளப்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

கிளம்புகிற நேரத்தில் ஹட்யாயிலிருந்து ஒரு பயிற்சியாளர் கூப்பிட்டார். சோதனை ஆட்டத்துக்கு வரச் சொன்னார். “பழையபடி விழுந்து எடுப்பாயா? அதை மட்டும் நேர்மையாகச் சொல்” என்றார். திரும்பி வந்ததும் சொல்கிறேன் என்றேன். பெட்டியில் பத்திரிகைக் கட்டு, அம்மா கொடுத்த புளி மிட்டாய், சித்திக்குப் பட்டுப்புடவை, அதற்கு அடியில் என் பூட்ஸ். அதை ஏன் வைத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் பழக்கம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சென்னையில் பேருந்து ஏறும்போது, “திண்டிவனம் போகுமா?” என்று கேட்டேன். நடத்துநர், “ஏறும்மா, ஏறும்மா” என்றார். போனது. ஆனால் ஊருக்குள் போகவில்லை. நெடுஞ்சாலை மேம்பாலத்தின் மேலேயே நிறுத்தி, “இப்டிக்கா எறங்கிப் போனீங்கன்னா ஆட்டோ கெடைக்கும்” என்று கீழே கையைக் காட்டினார். திண்டிவனம் காலடியில் தெரிந்தது. நானும் பெட்டியும் பாலத்து மேலே. லாரிகள் ஒவ்வொன்றும் என்னைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போயின.

எழில் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். “இன்னாக்கா, பாலத்து மேல நின்னுகினு சீனரி பாத்துகினு இருக்குறீங்களா?”

எழில் மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பெண். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். மாலத்தீவில் ஒரு சீசன் முழுக்க எனக்குப் பின்னால் கோல்கீப்பராக நின்றவள். இப்போது திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஆட்டத்தை விடவில்லை. என்னை ‘அக்கா’ என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே கன்னாபின்னாவென்று திட்டக்கூடிய ஒரே ஆள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பரோட்டாக் கடை. எங்கள் ஊரில் ரொட்டிக்குப் பருப்புக் குழம்புதான் தொட்டுக்கொள்வோம். அதே நினைப்பில் பருப்பு கேட்டேன். பரிமாறியவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு எழிலிடம் குனிந்து, “அவங்களுக்கு ஒடம்பு செரியில்லியா?” என்றார். பிறகு சால்னாவை அவரே ஊற்றினார். என் ஊர்ப் பருப்பை விட்டுக்கொடுக்க மனமில்லை, ஆனாலும் இன்னும் ரெண்டு பரோட்டா வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் எழில் விஷயத்துக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் பெண்களுக்கான செவன்ஸ் போட்டி. அணிக்கு ஏழு பேர். ஒவ்வொரு அணியும் ஒரு கெஸ்ட் ப்ளேயரை இறக்கிக்கொள்ளலாம். “நீங்க பேக்ல நிக்கிறீங்க.”

“முழங்காலு எழில்.”

“சும்மா நின்னாலே போதும்க்கா. அவளுங்க பயந்துக்குவாளுங்க.”

“ரூல்ஸ் எல்லாம்?”

“நார்மல் செவன்ஸ் ரூல்ஸுதான்” என்றாள். நான் தலையாட்டினேன். நிற்பதற்கும் கையைத் தூக்குவதற்கும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காணை. விழுப்புரம் வரைக்கும் ஒரு பேருந்து, அங்கிருந்து டவுன் பஸ். விழுப்புரம் பஸ் நிலையத்தில் வேகவைத்த வேர்க்கடலை வாங்கினேன். விற்ற அம்மாள் அதை மல்லாட்டை என்றார். பெயர் எதுவானாலும் உப்பு சரியாக இருந்தது. டவுன் பஸ்ஸில் சில்லறையை நீட்டினால் நடத்துநர் வாங்க மாட்டேன் என்கிறார். “லேடீஸுக்கு ஃப்ரீம்மா.” நான் வெளிநாட்டுக்காரி என்று சொன்னேன். “லேடீஸ்தானே?” என்றார். இத்தனை நாடுகளில் நுழையும்போதும் நான் யாரென்று குடைந்து குடைந்து கேட்டிருக்கிறார்கள். ஒரே கேள்வியில் முடித்து என்னை ஏற்றிக்கொண்ட வண்டி அதுதான்.

ராஜமாணிக்கம் சித்தப்பா கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. இடுப்பில் வெற்றிலைப் பையைச் செருகியிருப்பார். அஞ்சலை சித்தி நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூவெல்லாம் அடுக்கி, பத்திரிகையை மேலே வைத்து நீட்டினேன். இரண்டு பேரும் எழுந்து நின்று சேர்ந்து வாங்கினார்கள். விளையாட்டில் எத்தனையோ கோப்பை வாங்கியிருக்கிறேன், என் கையிலிருந்து ஒன்றை இப்படி யாரும் வாங்கியதில்லை.

கேப்பைக் கூழும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. சித்தி கேட்டார்: “பந்தாட்டம்தான் வேலையா? அதுக்குச் சம்பளம் தராங்களா?”

“தராங்க சித்தி.”

“கோலு எத்தினி போடுவ?”

“நான் போட மாட்டேன். வர்றவங்களைப் போட விடாம நிறுத்துவேன்.”

சித்தி கொஞ்சம் யோசித்தார். “பன்னி வராம கரும்புக் கொல்லைக்குக் காவலு இருக்குற மாதிரி.”

“அதேதான்.”

“அதுக்கு ஜெயிச்சா மாலை போடுவாங்களா?”

“போட்டவங்களுக்குத்தான் போடுவாங்க.” அதுதான் உண்மை. எந்த நாட்டிலும் ஆட்ட நாயகி விருது கோல் அடித்தவளுக்குத்தான். கோல்கீப்பருக்காவது எப்போதாவது கிடைக்கும். அணி வாங்கிய கோப்பைகளில் எனக்குப் பங்கு உண்டு. என் பேரில் தனியாக ஒரு தம்ளர்கூடக் கிடைத்ததில்லை.

அடுத்த நாள் சித்தப்பா பைக்கில் மண்டகப்பட்டுக்கு அழைத்துப் போனார். மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து கட்டிய கோயில். சித்தப்பா நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட, நான் வாயிற்காவலர் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். முகப்பின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். நடுவில் யாரையும் விடுவதாக இல்லை. சிற்பம் தெரிந்தவர்கள் எதைப் பார்ப்பார்களோ, நான் பார்த்தது முழங்கால்களைத்தான். ஒன்றுக்கும் பழுது இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

“மேட்சு பாக்க நானும் வர்றேன்” என்றார் சித்தப்பா திரும்பும் வழியில். வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். காற்றில் கேட்கவில்லை என்று பாவனை செய்தார்.

ஞாயிறு காலை. மைதானம் என்றால் புல் இருக்கும் என்று ஒரு நினைப்பு எனக்கு. செம்மண்ணும் சரளையும்தான். சுற்றிலும் ஆட்கள், பந்தல், ஐஸ் வண்டி, மைக். மைக்கில் ஒருவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் பூட்ஸ் கட்டி முடிப்பதற்குள் பிரச்சினை வந்துவிட்டது. எங்களோடு ஆட வேண்டிய அணியின் மேனேஜர் விழாக் கமிட்டியிடம் போய் நின்றார்.

“கெஸ்ட் ப்ளேயரு மாவட்டத்து ஆளா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? இவங்க மலேசியாவாமே. சப்பை மூஞ்சி வேற.”

எழில் அவர்மேல் பாயப் போனாள். நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு இது புதிதில்லை. ஒவ்வொரு நாடு மாறும்போதும் கட்டுக்கட்டாகக் காகிதம் கொடுத்திருக்கிறேன், நீ எங்களவள் இல்லை என்ற பார்வையையும் சேர்த்தே வாங்கியிருக்கிறேன். உட்கார்ந்துவிட்டால் விழ வேண்டியதுமில்லை என்று உள்ளே ஒரு நிம்மதி வேறு.

சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “யாரு மாவட்டத்து ஆளு இல்ல? எங்க அண்ணன் பொண்ணுய்யா இது. முந்தாநேத்து எங்க வூட்ல தட்டு வெச்சிப் பத்திரிகை குடுத்துச்சி. அசலூராளு எவனாவது உன் வூட்டுக்கு வந்து தட்டு வெப்பானா?”

கமிட்டித் தலைவர் பெரியவர், வெள்ளைச் சட்டை. யோசித்தார். “பங்காளி வூடா?”

“பங்காளி வூடு. தாத்தா கூடப் பொறந்த தம்பி வூடு.”

“பங்காளி வூட்டுக்குத்தான் தட்டு வெப்பாங்க. அப்ப மாவட்டத்து ஆளுதான்.” அவ்வளவுதான் விசாரணை. அந்த வாதத்தில் ஓட்டை இல்லை என்று மேனேஜருக்கும் பட்டிருக்க வேண்டும். தலைவர் என் பக்கம் திரும்பினார். “கல்யாணம் எப்பம்மா?”

பையில் மிச்சப் பத்திரிகைகள் இருந்தன. வெற்றிலைக்குச் சித்தப்பா இடுப்புப் பையை அவிழ்த்தார். தட்டுக்கு யாரோ டீக் கடைத் தட்டைக் கொண்டுவந்தார்கள். தலைவருக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று என்று வைத்துக் கொடுத்துவிட்டு மைதானத்துக்குள் இறங்கினேன். மேனேஜர் பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சும்மா நிற்கிறாள். பைத்தியக்காரி என்று நினைத்தேன். அவளுக்குப் பந்து வந்தது. நான் ஓரடி முன்னே வந்து கையைத் தூக்கினேன். விசில் வரவில்லை. அவள் நிதானமாகத் திரும்பி, எழிலைத் தாண்டிப் பந்தைத் தட்டினாள். கோல். நான் கையை இறக்காமல் நடுவரைப் பார்த்தேன். நடுவர் என்னை ஏதோ சந்தேகம் கேட்கும் பிள்ளையைப் போலப் பார்த்தார்.

மைக் விடவில்லை. “மலேசியா அக்கா ட்ராஃபிக் போலீசு மாதிரி கையத் தூக்கினு நிக்கிறாங்க. வண்டி எல்லாம் நிக்காம போய்க்கினு இருக்குது.” மைதானம் முழுக்கச் சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார்.

“அக்கா, செவன்ஸ்ல ஆஃப்சைடு கெடையாது” என்றாள் எழில்.

என் ஒளிவிடத்தை ஒரே வரியில் இடித்துத் தள்ளிவிட்டாள். மிச்ச ஆட்டத்தில் தவித்தேன். பின்னாலேயே நின்றேன், ஓடினேன், வழி மறித்தேன், விழ மட்டும் செய்யவில்லை. எங்கள் முன்வரிசைப் பெண்கள் இரண்டு கோல் போட்டு என்னைக் காப்பாற்றினார்கள். சாயங்காலம் இறுதி ஆட்டம் என்றானது.

மதியம் பந்தலுக்கடியில் குஸ்கா சாப்பிட்டோம். “ஆஃப்சைடு இல்லைன்னு ஏன் சொல்லலை?” என்று கேட்டேன்.

“செவன்ஸ்ல எங்கக்கா ஆஃப்சைடு இருக்கும்? அது ஊருக்கே தெரியுமே.” கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். பிறகு, “மாலத்தீவுல ஒரு மேட்சுக்கு எத்தினி தபா வுழுவீங்க. காலீல ஒரு தபாகூட வுழல. நான் பின்னாலேந்து பாத்துகினுதான் இருந்தேன். பயமா இருக்குதா?”

கோல்கீப்பரிடம் மறைக்க முடியாது. ஆட்டம் முழுக்க நம் முதுகைப் பார்த்துக்கொண்டே இருப்பவள் அவள். “இருக்கு எழில். இன்னிக்கும் விழலைன்னா ஹட்யாய்க்கு வரலைன்னு சொல்லிடுவேன். அதோட முடிஞ்சது.”

“வுழுந்தா வுழுங்க, இல்லாட்டி நான் பாத்துக்கிறேன். அதுக்கோசரம் குஸ்காவ வெச்சிகினு பேஜாரு பண்ணாதீங்க. ஜல்தியா சாப்புடுங்க” என்றாள். இதைவிட நல்ல ஆறுதலை நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை.

இறுதி ஆட்டம் விழுப்புரத்து அணியோடு. அவர்களுடைய ஒன்பதாம் எண் பெண் நல்ல உயரம், நல்ல ஓட்டம். எங்கள் அணி முதல் பாதியில் ஒரு கோல் போட்டது. அதற்குப் பிறகு முழுக்க அவர்கள் ஆட்டம்தான். எழில் மட்டும் பறந்து பறந்து தடுத்தாள். இரண்டு தடவை கம்பம் எங்களைக் காப்பாற்றியது.

முடியப் போகிற நேரம். அவர்கள் பின்வரிசையிலிருந்து ஒரு நீள உதை. பந்து என் தலைக்கு மேலே போனது, ஒன்பதாம் எண் என்னைத் தாண்டிவிட்டாள். அவளுக்கு முன்னால் எழில் மட்டும்தான். எனக்கு அவமானமான ஒன்று நடந்தது: என் கை தானாகத் தோள்வரை எழும்பிவிட்டது. யாருக்கு இந்தக் கை என்று எனக்கே கோபம் வந்தது. இறக்கினேன். ஓடினேன். எழில் “அக்கா” என்று கத்தினாள். எழிலை அத்தனை தூரத்தில் தனியாக விடக்கூடாது என்பதைத் தவிர வேறு ஒன்றும் அப்போது தோன்றவில்லை. உடம்பைச் சாய்த்தேன். சரளை உறுமியது. அறுத்துத் தைத்த அந்தக் காலைத்தான் நீட்டியிருக்கிறேன் என்பது நீட்டிய பிறகே தெரிந்தது. பந்தில் பட்டது, பந்தில் மட்டும்தான் பட்டது. பந்து கோட்டைத் தாண்டி ஐஸ் வண்டிக்கு அடியில் போய் நின்றது. ஒன்பதாம் எண் என்னைத் தாண்டிக் குதித்து ஓடி நின்றாள்.

நான் எழவில்லை. படுத்தபடியே முழங்காலில் வலி வரட்டும் என்று காத்திருந்தேன். தொடையிலிருந்து இடுப்புவரை தோல் தீயாய் எரிந்தது. முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் காத்துப் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழில் ஓடிவந்து குனிந்தாள். “இன்னாச்சிக்கா?”

“எரியுது” என்றேன். “எரியுது எழில், எரிய மட்டும்தான் செய்யுது.” அவள் அழுதுவிட்டாள். பிறகு, கார்னர் இருக்கிறது எழுந்து நில்லுங்கள் என்று திட்டினாள்.

மைக் சொன்னது: “காணைப் பொண்ணு கைய எறக்கிடுச்சி, காலப் போட்டுடுச்சி. இனிமே இந்த ரோட்டுல எவனும் போவ முடியாது.”

மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் மேலும் இரண்டு முறை விழுந்தேன். அதில் ஒன்று தேவையே இல்லாதது. ஆசைக்கு விழுந்தேன். விசில் ஊதியபோது நாங்கள் ஜெயித்திருந்தோம், என் உடம்பில் பாதி திண்டிவனத்து மண்ணாக இருந்தது.

சுழற்கோப்பையை எழில் வாங்கினாள். பிறகு தனிப் பரிசுகள். அதிக கோல் அடித்தவருக்கு டேபிள் ஃபேன். சிறந்த கோல்கீப்பர் எழிலுக்கு மிக்ஸி. நான் பாதி தூரம் பந்தலை விட்டு வெளியே வந்துவிட்டேன். தொடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், எனக்கு அங்கே வேலை இல்லை. “சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்” என்று தலைவரின் குரல் கேட்டது. அப்படி ஒரு பரிசு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. பேரைச் சொன்னார்கள். என் பேர்தான்.

பரிசு ஓர் எவர்சில்வர் அண்டா. பெரியது. தூக்கினால் எனக்கு முகம் மறைந்தது. மேனேஜர்தான் முதலில் கை தட்டினார். காணைக்குப் போனதும் சித்தி அதை எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்து, “கனமாத்தான் இருக்குது” என்று சான்றிதழ் கொடுத்தார். சித்தியிடமே விட்டுப் போகிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “காவலுக்குக் குடுத்தது. நீயே எட்த்துகினு போ.”

அன்றைக்கே ஹட்யாய்க்கு ஃபோன் செய்தேன். விழுந்தேன் என்று அம்மாவின் மொழியில் சொன்னேன். “எங்கே?” என்றார் பயிற்சியாளர். திண்டிவனம் என்றால் அவருக்கு என்ன புரியும். “எங்க ஊர்ப் பக்கம்” என்றேன். தோல் ஆறுகிறவரை சோதனை ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொன்னேன். அவர் சிரித்தார்.

விமானத்தில் ஒரு பக்கமாகவே உட்கார்ந்து வந்தேன். சித்தப்பா விழுப்புரம் பாத்திரக் கடையில் என் பேரை வெட்டி வாங்கிக் கொடுத்த அண்டா, சாக்கில் சுற்றி, கயிறு கட்டி, சரக்கோடு வந்தது. தம்பி கல்யாணத்தில் அதில்தான் சர்பத் கலந்தார்கள். மறு வாரம் அதைத் தூக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டினேன்.

இப்போது அது ஹட்யாயில் எங்கள் அணியின் உடை மாற்றும் அறையில், என் இடத்துக்குக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அதில் ஐஸ் கட்டியைக் கொட்டி, முழங்கால்வரை காலை விட்டு உட்கார்ந்துகொள்கிறேன். புதுப் பெண்கள் இது என்ன என்று கேட்கிறார்கள். என் பேர் வெட்டியிருக்கும் பக்கத்தை அவர்கள் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, பரிசு என்கிறேன்.